மூன்றாவது வரிசையில் இரண்டாவது கம்பி

மார்ச் 3, செவ்வாய்

தடம் கேட்டுப் போனவளுக்குத் தடை கிடைத்திருக்கிறது. குட்டி ரயில் கிளப்பின் கமிட்டி கூடியது. ஏழு பேரும் கை தூக்கிவிட்டார்கள். இனி நான் தண்டவாளத்தில் கால் வைக்கக் கூடாது, அடுத்தவர் எஞ்சினில் கை வைக்கக் கூடாது. வாய் வைக்கலாமா என்று கேட்டேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டர் தன் எஞ்சினை என்னிடம் விட்டு, "பாத்துக்கோம்மா, டீ குடிச்சிட்டு வரேன்" என்று போனார். (அவருக்கு நான் வைத்த பெயர் பல்லவர். பல் பார்ப்பவர் அல்லவா.) எஞ்சின் என்றால் பொம்மை இல்லை. நாலடி நீளம், நிஜக் கரி, நிஜ நீராவி, பின்னால் ஆள் உட்கார்ந்து ஓட்டுவது. அதன் தண்ணீர்த் தொட்டியில் மூன்று மூடி பாத்திரம் கழுவும் சோப்பு ஊற்றினேன். அவர் வந்து ஓட்டும்போது புகைபோக்கி வழியாகக் குமிழி வரும், கிளப்பே சிரிக்கும் என்பது என் கணக்கு.

வந்தது. சிரித்தார்கள். பால் பொங்குகிற மாதிரி நுரை. பல்லவர் மீசைக்கு மேல் இன்னொரு மீசை. அப்புறம் 'டக்' என்று ஒரு சத்தம்.

நுரையோடு தண்ணீரும் சிலிண்டருக்குள் போய்விட்டது. நீராவியை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் அமுக்கப் பார்த்தது. சிலிண்டர் மூடி பிளந்துவிட்டது.

இதெல்லாம் எனக்குத் தெரிந்த விஷயம்தான். படித்திருக்கிறேன். ஊற்றும்போது ஏன் ஞாபகம் வரவில்லை? வந்திருந்தால் மட்டும் நிறுத்தியிருப்பேனா?

மார்ச் 5, வியாழன்

மன்னிப்புக் கேட்க அவருடைய கிளினிக்குக்குப் போனேன். கன்னம் வீங்கிய மூன்று பேருக்குப் பின்னால் வரிசையில் காத்திருந்தேன். உள்ளே உட்கார இருந்தது ஒரே நாற்காலி. உலகத்திலேயே மல்லாக்கப் படுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. "அத பதினோரு வருஷமா செஞ்சேம்மா" என்றார். அவ்வளவுதான். கையுறையைக் கழற்றி, கை கழுவிக்கொண்டே இருந்தார்.

கிளம்பும்போது, "உன் எஞ்சின் எந்த மட்டுல இருக்கு?" என்றார். பாய்லர் பாதி என்றேன். "முடிச்சு எடுத்துட்டு வா. கிளப்புல பாய்லர் சோதனை போடுறது நான்தான், தெரியும்ல? தேறிச்சுன்னா கமிட்டிகிட்ட நானே பேசுறேன். மே பத்தாம் தேதி ஓட்டலாம்."

மே 10 பொதுமக்கள் நாள். ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் வந்து ஏறிச் சுற்றுவார்கள்.

மார்ச் 6, வெள்ளி

மே 10 அன்று செம்பி ஓடும். நான்தான் ஓட்டுவேன். எழுதிவிட்டேன், இனி அழிக்க முடியாது. பேனா.

மார்ச் 14, சனி

செம்பி என்பது என் எஞ்சின். பாய்லர் முழுக்கச் செம்பு, அதனால் செம்பி. இரண்டு வருடமாகப் படிக்கட்டுக்கு அடியில், துடைப்பத்துக்கும் அரிசி டப்பாவுக்கும் நடுவில் வளர்கிறாள். சக்கரம் முடிந்தது, சிலிண்டர் முடிந்தது. அடுப்புப் பெட்டியைப் பாய்லருக்குள் உட்கார வைக்க வேண்டும். பெட்டிச் சுவரையும் பாய்லர் சுவரையும் சேர்த்து இழுத்துப் பிடிக்க நாற்பத்தெட்டு செம்புக் கம்பிகள். ஒவ்வொன்றின் தலையைச் சுற்றியும் வெள்ளிக் கம்பியை உருக்கி ஓட விட வேண்டும். ஒரு தலை விட்டுப்போனாலும் செம்பிக்கு ஜலதோஷம்தான்.

அம்மா எட்டிப் பார்த்துச் சொன்னது: "மூணு விசில் வந்தா குக்கர அணைக்கத் தெரியாது. இவ ரயில் விடப் போறாளாம்!"

நியாயமான விமர்சனம்.

மார்ச் 29, ஞாயிறு

நாற்பத்தெட்டு ஓட்டை போட்டாயிற்று. நாற்பத்தொன்பது, சரியாகச் சொன்னால். அந்த ஒன்றைப் பற்றிப் பேச வேண்டாம். அடைத்துவிட்டேன்.

தூரத்தில் கிளப்பிலிருந்து விசில் சத்தம் கேட்டது. ஜன்னலைச் சாத்திவிட்டு அரத்தை எடுத்தேன்.

ஏப்ரல் 1, புதன்

இன்று யாரையும் ஏமாற்றவில்லை. காய்ச்சலா என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஏப்ரல் 12, ஞாயிறு

பற்றவைப்பு நாள். செம்பு ஒரு பக்கம் வாங்கும் சூட்டை மறு பக்கம் விட்டுவிடும், ஒரு பர்னர் போதாது. இரண்டாவது பர்னருக்கு அக்கா. ஆஸ்பத்திரியில் நர்ஸ், கை நடுங்காது.

"ஏய் வாலு, இது ஆபரேஷனா அடுப்படியா?"

"ரெண்டும்தான். நோயாளி செத்தா நீதான் பொறுப்பு."

"செத்தா உன்னைத்தான் முதல்ல சேர்ப்பேன், மனநல வார்டுல."

செம்பு மங்கலாகச் சிவந்ததும் வெள்ளிக் கம்பியை வைத்தால், தலையைச் சுற்றி ஒரே ஓட்டமாக ஓடுகிறது. அதைப் பார்க்க இன்னும் இருநூறு கம்பி வைக்கலாம் போலிருந்தது. மூன்றாவது வரிசையில் அக்காவின் போன் அடித்தது. அவள் திரும்பிப் பார்த்த அரை நிமிடத்தில் சூடு இறங்கிவிட்டது. மறுபடி ஏற்றினோம். வெள்ளி ஓடிய மாதிரிதான் இருந்தது.

மாதிரி.

மே 2, சனி

சோதனை. கிளப் கொட்டகை வரைக்கும் வர அனுமதி. மூலையில் பல்லவரின் எஞ்சின், புது சிலிண்டர் மூடியோடு நின்றது. தண்ணீர்த் தொட்டி மூடியில் ஒரு குட்டிப் பூட்டு. எனக்காகவே வாங்கியது. என்ன ஒரு மரியாதை.

பாய்லருக்குள் சொட்டுக் காற்றில்லாமல் பச்சைத் தண்ணீர் நிரப்பி, கைப் பம்பால் அழுத்தம் ஏற்ற வேண்டும். செம்பி ஓடப்போவது எண்பது பவுண்டு அழுத்தத்தில். சோதனை நூற்றறுபது, இருபது நிமிடம். முள் அசையவில்லை. பல்லவர் வெளிப்பக்கம் முழுக்கத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து எடுத்தார், பல் பார்க்கிற குட்டிக் கண்ணாடி.

"அடுப்புப் பெட்டிக்குள்ள நீயே பாரு. எனக்கு முட்டி மடங்காது. பாத்துச் சொல்லு, எழுதிக்கிறேன்."

தரையில் படுத்து டார்ச் அடித்தேன். "ஆ காட்டு செம்பி" என்றேன். மேலே ஒரு சின்னச் சிரிப்பு கேட்டது, இரண்டு மாதத்தில் முதல் முறையாக.

முதல் வரிசை சுத்தம். இரண்டாவது சுத்தம். மூன்றாவது வரிசையில் இரண்டாவது கம்பித் தலையில் கடுகளவு ஒரு துளி. விரலால் துடைத்தேன். அறுபது எண்ணினேன். திரும்ப வந்தது.

எட்டே நாள் இருக்கு. அக்காவுக்கு பத்தாம் தேதி வரைக்கும் லீவே கிடையாது. யாரு பாத்தா? நான் மட்டும்தான் பாத்தேன். இன்னொரு தடவை தொடச்சா நேரமும் முடிஞ்சிடும்.

"என்னம்மா, சுத்தமா?"

'சுத்தம்' என்பது நுனி நாக்கு வரை வந்துவிட்டது. கூடவே அந்த 'டக்' வந்தது. எனக்குப் பின்னால் பிள்ளைகள் உட்காருவார்கள்.

"மூணாவது வரிசை, ரெண்டாவது கம்பி. அழுவுது."

"வெளையாடாத."

"நெஜமா டாக்டர்."

"உன்ன நம்பி ஒரு தடவை டீ குடிக்கப் போனவன் நான்."

கண்ணாடியை நீட்டினேன். மேஜையைப் பிடித்து, ஒவ்வொரு முட்டியாக மடக்கி, முனகிக்கொண்டே இறங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஆமா" என்றார்.

படிவத்தில் 'தேறவில்லை' என்று எழுதினார். அழகான கையெழுத்து, டாக்டர் மாதிரியே இல்லை. அவரால் எழுந்திருக்க முடியவில்லை. கை கொடுத்தேன். பிடித்துக்கொண்டார்.

மே 3, ஞாயிறு

ஏன்டீ சொன்னே? வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல? ஊரெல்லாம் வாயால கெடும், நான் ஒருத்திதான் நல்லது சொல்லிக் கெட்டேன்.

சரி. அழுதாயிற்று. அரம் எங்கே?

மே 10, ஞாயிறு

கிளப்பின் வெளிவேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். பல்லவர் எஞ்சின் பதினேழு சுற்று. ஒரு குட்டிப் பையன் இறங்கவே மாட்டேன் என்று அழுதான். உன் கஷ்டம் எனக்குப் புரியுதுடா.

பதினெட்டாவது சுற்றுக்கு நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து மூன்றாவது வரிசையைத் தேய்த்துச் சுத்தம் செய்தேன்.

மே 11, திங்கள்

அக்காவின் போனை அம்மாவிடம் பிணையாகக் கொடுத்தோம். மூன்றாவது வரிசை முழுக்க மறுபடி. வெள்ளி ஓடியது. மாதிரி இல்லை, ஓடியது. அக்கா முகமெல்லாம் வியர்வை. "அடுத்த எஞ்சினுக்கு என்னைக் கூப்பிட்டேன்னா ஊசி போட்டுருவேன்" என்றாள். கூப்பிடுவேன்.

மே 16, சனி

பல்லவர் ஒரு முக்காலி கொண்டுவந்திருந்தார். உட்கார்ந்தபடியே உள்ளே பார்த்தார், நாற்பத்தெட்டையும். முடித்துவிட்டுக் கண்ணாடியை என்னிடம் கொடுத்தார். "நீயும் ஒரு தடவை பாரு. உன் கண்ணு நல்ல கண்ணு."

இருபது நிமிடம். எங்கும் ஈரமில்லை.

தேறியது.

மே 17, ஞாயிறு

காலை. தண்டவாளம் காலி. பிள்ளைகள் இல்லை, கூட்டம் இல்லை, கமிட்டியில் பாதிப் பேர் மட்டும் கை கட்டி நின்றார்கள். அடுப்பில் கரி போட்டுப் பற்றவைத்து, எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். பல்லவர் பச்சை பாட்டிலோடு வந்தார். பாத்திரம் கழுவும் சோப்பு. சாவகாசமாக என் தொட்டி மூடியைத் திறந்து, கவிழ்த்து ஊற்றினார்.

"ஐயோ டாக்டர்! என்ன பண்றீங்க!"

"மூணு மூடிதானே கணக்கு? தெரியாம முழு பாட்டிலையும் ஊத்திட்டேனே."

தொட்டிக்குள் விரலை விட்டுத் தேய்த்தேன். வழுக்கவில்லை. நக்கியே பார்த்துவிட்டேன். வெறும் தண்ணீர். பல்லவருக்கு முப்பத்திரண்டு பல்லும் சொந்தப் பல் என்று இன்றுதான் தெரிந்தது. கமிட்டி விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குத் தடை போடத் தூக்கிய கைகள் இன்று தட்டின.

எண்பது பவுண்டு ஏறியதும் நெம்புகோலைத் தொட்டேன். செம்பி ஒரு தும்மல் தும்மிவிட்டு நகர்ந்தாள். மூன்று சுற்று. வளைவில் ஏறும்போது மூச்சு வாங்கியது — அவளுக்கு இல்லை, எனக்கு.

திரும்பி வந்து நிறுத்தினேன். பக்கத்துத் தடத்தில் பல்லவரின் எஞ்சின் நீராவியோடு நின்றது. தொட்டி மூடியில் பூட்டு இல்லை. எண்ணெய்த் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, "பாத்துக்கோம்மா, டீ குடிச்சிட்டு வரேன்" என்று நடந்தார். திரும்பிப் பார்க்கவே இல்லை.

பார்த்துக்கொண்டேன்.