கேட்டை நட்சத்திரமும் ஒரு கடுகும்

ஞாயிறு காலை உம்முடைய மகள் பருப்புக்குத் தாளித்தபோது ஒரு கடுகு தெறித்து வந்து சாப்பாட்டு மேசையில் விழுந்தது. துடைக்க எடுத்த துணியை நான் அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

உம்மோடு சீதனமாக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த வட்ட மேசை அது. அதில் முதன்முதலில் கடுகு வைத்தவர் நீர்தான். அன்று என் தம்பிக்கு உம்மைப் பெண் பார்க்க உங்கள் வெள்ளவத்தை பிளட்டுக்கு வந்திருந்தோம். தேநீர் ஆறுமுன் அம்மா தொடங்கினா.

"பிள்ளை கேட்டையெல்லோ. புருஷன்ட மூத்தவனுக்கு ஆகாதாம்."

மூத்தவன் நான். கையிலிருந்த வடையை மெல்லத் தட்டில் வைத்தேன். சாவு வாசலில் நிற்கும்போது எண்ணெய்ப் பலகாரம் கூடாது.

நீர் குசினிக்குப் போய் ஒரு கடுகோடு வந்தீர்.

"மாமி, இது சூரியன். வானத்தில சிவப்பா நிக்கிற கேட்டை இந்த மேசையளவு. கிட்டத்தட்ட எழுநூறு மடங்கு அகலம். அண்ணைக்கு என்ன நட்சத்திரம்?"

"சித்திரை," என்றேன், ஈனக்குரலில்.

கடுகுக்குப் பக்கத்தில் ஒரு கடலையை வைத்தீர். "இவ்வளவுதான். இந்தக் கடலைக்காக என்ட நட்சத்திரம் ஏன் மினக்கெட வேணும்?"

"அப்ப ஆகப் பெரிசு உன்டதோ?"

"இல்லை மாமி. ஆயிரத்தைந்நூறு மடங்குக்கு மேலயும் கிடக்கு, இந்தக் கதவால உள்ள வராது. ஆனா எது ஆகப் பெரிசெண்டு அளக்கிறவைக்குள்ளயே சண்டை. ஓரம் புகை மாதிரி, எங்க முடியுதெண்டு தெரியாது."

படித்தவர்களும் சண்டை பிடிக்கிறார்கள் என்பதில் அம்மாவுக்குப் பெரிய திருப்தி. சம்பந்தம் நிச்சயமானது.

நான் வீரனில்லை. முதல் வருடம் எனக்குத் தடிமன் காய்ச்சல் வந்தால் அம்மா உம்மைப் பார்ப்பா. அம்மா பார்க்காதபோது நானே பார்ப்பேன். நீர் மல்லித்தண்ணீரை நீட்டி, "அத்தான், இன்னும் இருக்கிறியளோ?" என்று கேட்பீர்.

இருபத்தாறு வருடம் உம்மோடு ஒரே வீட்டில் இருந்தேன். போன மாசியில் போய்ச் சேர்ந்தது நீர். அப்போது ஒருவரும் என் சித்திரையைக் குற்றம் சொல்லவில்லை.

மகளும் கேட்டை. ஞாயிறு பின்னேரம் வத்தளையிலிருந்து அவளைப் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் அதே வசனத்தைச் சொன்னா. அவவின் மூத்த மகன் அதேபோல வடையைக் கீழே வைத்தான். கடுகு இன்னும் மேசையில்தான் கிடந்தது. உம்முடைய கதை முழுவதையும் அவனுக்குச் சொன்னேன்.

"தம்பி, என்னைப் பாரும். அந்த மூத்தவன் நான்தான்."

"பிரஷர் இருக்கோ அங்கிள்?"

"இருக்கு. அது வடையால. உமக்கு என்ன நட்சத்திரம்?"

"ரோகிணி."

"அப்ப நீர் தோடம்பழமளவு பெரிசு. நான் வெறும் கடலை, நானே தப்பிட்டன்."

மகள் சிரித்தாள், உம்மைப்போலவே, வாயை மூடாமல். யோசித்துச் சொல்வதாகப் போயிருக்கிறார்கள். யோசிக்கட்டும். இவர்கள் இல்லாவிட்டால் இன்னொரு வீடு. நட்சத்திரத்தை மாற்றி எழுதிக் குறிப்புக் கொடுக்கலாம் என்றார் தரகர். அவருக்கு வாசற்படியைக் காட்டினேன்.

இனி நான் செத்தால் பழி உம்மேலும் விழும், பிள்ளைமேலும் விழும். ஆகவே வடையை விட்டாயிற்று. பின்னேரங்களில் ரயில் பாதையோரம் மூச்சிரைக்க நடக்கிறேன். கடுகு சட்டைப் பையில் இருக்கிறது.

ஓம், இன்னும் இருக்கிறன்.