அன்று ஐஸ் உருகவே இல்லை

நம்ம கஞ்சி பிளாஸ்கை காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்று நம் மகள் செல்வி இன்று காலை எடுத்து வெளியே வைத்தாள். மூடி தளர்ந்துவிட்டது, அடியில் சொட்டை விழுந்திருக்கிறது. நான் எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். வாதாட உடம்பில் தெம்பு இல்லை. ஊரப்பாக்கத்தில் ரயில் இறங்கி வீடு வருவதற்குள் இப்போதெல்லாம் இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருக்கிறது.

மூடியைத் திறந்தால் இன்னும் லேசாகக் கஞ்சி வாசம் வருகிறது. உடனே நீங்கள் வந்து நிற்கிறீர்கள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு.

செல்வியின் குழந்தை மீனு அப்போதுதான் நடை பழகியிருந்தாள். காய்ச்சல் என்று தாம்பரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். உடம்பு கொதித்தது, பாதம் மட்டும் சில்லென்று இருந்தது. கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது, செப்சிஸ் என்றார்கள். அந்த டாக்டர் பெண் நம்மை உட்காரவைத்துச் சொன்னாள்: "பிரஷர் நல்லாத்தான்மா இருக்கு. ஆனா இரத்தம் கை கால் வரைக்கும் போய்ச் சேரல. சேராத இடத்துல லாக்டேட்னு ஒரு அமிலம் ஊறும். அந்த நம்பர் இறங்கணும்."

அஞ்சாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கும் அது புரிந்தது. டேங்கில் தண்ணீர் நிரம்பி வழியும், தெருவின் கடைசி வீடான நமக்குக் குழாயில் காற்றுதான் வரும். அதேதான்.

வார்டில் இரத்தம் சோதிக்கிற மெஷின் பழுது. எதிர்க் கட்டடத்து லேபுக்குத்தான் இரத்தம் போக வேண்டும். இதயத்திலிருந்து போகிற இரத்தம் ஒரு சிரிஞ்சில், திரும்பி வருகிற இரத்தம் இன்னொன்றில். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து இதயம் எப்படித் தள்ளுகிறது என்று பார்ப்பார்களாம். எடுத்துப் போக ஆள் வர நேரமாகும் என்றதும் நீங்கள் எழுந்துவிட்டீர்கள். "ஐஸ்ல வச்சு சீக்கிரம் கொண்டுபோங்க தாத்தா, லேட்டானா நம்பர் தப்பா ஏறிடும்" என்றாள் நர்ஸ். கஞ்சியைக் கொட்டிவிட்டுப் பிளாஸ்கைக் கழுவி, ஐஸும் தண்ணீரும் நிரப்பிக்கொண்டீர்கள். தயிர் வாங்கிவரச் சொன்னால் முட்டி வலி என்பவர், மாப்பிள்ளை கேட்டும் கொடுக்கவில்லை. "நீ செல்விகூட இருப்பா" என்றீர்கள்.

மறுநாள் மதியமும் நீங்கள்தான் எடுத்துப் போனீர்கள். நம்பர் ஏறிவிட்டது. செல்வி சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். "அவ்ளோதானாப்பா?"

"சேச்சே, நான்தான்மா பாதில படியில உக்காந்துட்டேன். மூச்சு வாங்குச்சு. ஐஸெல்லாம் உருகிடுச்சு. அதான் ஏறிக் காட்டுது" என்றீர்கள்.

நான் ஜன்னலில்தான் நின்றிருந்தேன். பின்னால் வந்த ஆம்புலன்ஸுக்குக்கூட ஒதுங்காமல், பிளாஸ்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நீங்கள் ஓடியதைப் பார்த்தேன். எங்கேயும் உட்காரவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்தேன், பிறகு எல்லார் முன்னாலும் கத்தினேன்: "ஒரு வேலைய உருப்படியா செய்யத் தெரியாதா உங்களுக்கு? குழந்தை உயிரோட விளையாடுறீங்களா?"

செல்விக்கும் கோபம் வந்தது. கோபம் வந்ததும் எழுந்து நின்றாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

பிறகு டாக்டரைத் தனியே மறித்து நீங்கள் சொன்னது என் காதில் விழுந்தது. "லேட்டெல்லாம் ஆகலம்மா. அந்த நம்பர் நெஜந்தான். ஏதாவது பண்ணுங்க." இதயத்துக்கான மருந்தைக் கூட்டினார்கள். அடுத்த முறை பிளாஸ்கோடு போனீர்கள். நம்பர் இறங்கியிருந்தது. "பாத்தியாப்பா, ஒழுங்கா போனா ஒழுங்கா வருது" என்றாள் செல்வி. நீங்கள் தலையைச் சொறிந்துகொண்டீர்கள்.

வீட்டுக்கு வந்தபின் என்னிடம் சொன்னீர்கள்: "செல்விகிட்ட சொல்லிடாத. நான் லேட்டாவே இருந்துட்டுப் போறேன்."

போன மழைக்காலத்தில் உங்களுக்கு நிஜமாகவே மூச்சு வாங்கியது. அன்று உங்களுக்காக ஓட ஆள் இல்லை. எனக்குத்தான் முட்டி எழும்பவில்லை. ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது.

மீனு இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். நேற்றிலிருந்து லேசாகச் சளி, காய்ச்சல். செல்வி சிறுசேரிக்கு வேலைக்குக் கிளம்பும்போது "உடம்பு சுட்டா உடனே போன் பண்ணும்மா, அப்பா மாதிரி அசால்ட்டா இருந்துடாத" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்குத் தொண்டைவரை வந்துவிட்டது. ஓடினாரடி, அந்த வயசில் யாரும் ஓடாத ஓட்டம் ஓடினாரடி என்று. ஆனால் அதைச் சொன்னால், அன்றைக்கு நம்பர் பொய் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காய்ச்சலில் குழந்தை படுத்திருக்கிறபோது அவளுக்கு அது எதற்கு?

நான் வெறுமனே மீனுவின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. இன்னும் தினமும் தொட்டுப் பார்க்கிறேன்.

அம்மா சொன்ன கதை அவளுக்கும் தெரியும். பிளாஸ்கைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "பாட்டி, தாத்தா அவ்ளோ ஸ்லோவா?"

"ஆமாண்டி, ஆமை மாதிரி" என்றேன்.

அன்றைக்கு உங்களைத் திட்ட ஆரம்பித்தவள், என்னங்க, இன்னும் நிறுத்தவில்லை.