பிராந்தி போடாத போத்தல்

அந்தோனியார் துணை

கொட்டாஞ்சேனை
நவம்பர் 24

அன்புள்ள மகள் றொசானாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் குளிசைகளின் உதவியோடு சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் அப்ஹாமும் குழந்தை நிம்றாவும் குளிசை இல்லாமலே சுகமாக இருக்கவேண்டும் என்று செவ்வாய்க்கிழமை தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன். போன் இருக்க அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நான் உன்னோடு போனில் கதைக்கும்போதெல்லாம் அப்பா பக்கத்துக் கதிரையில் இருந்து பேப்பரில் மரண அறிவித்தல் பக்கத்தை ஒரு மணித்தியாலம் வாசிக்கிறார். இந்த ஊரில் அவ்வளவு பேர் சாவதில்லை. அதனால்தான் கடிதம். மேல்வீட்டுத் தாரிகா சனிக்கிழமை மெல்பேர்னுக்கு வருகிறாள், இதையும் வறுத்த தூள் இரண்டு கிலோவும் அவளிடம் கொடுத்துவிடுகிறேன். தூளை நீயே வறுக்கிறேன் என்று இனித் தொடங்காதே, போனமுறை மல்லி வறுத்து நெருப்பணைக்கிற வண்டி வந்தது போதும்.

நீ கேட்டதற்கு இன்னும் மறுமொழி சொல்லவில்லை என்று கோபப்படாதே மகள். டிசம்பர் பதினெட்டாம் திகதி மூன்று பேரும் வந்து இறங்கினால் வீட்டுக்கு வருவதா, வெள்ளவத்தையில் லொட்ஜ் எடுப்பதா என்று கேட்டாய். அப்ஹாமின் ஆட்கள் எல்லோரும் கட்டாரில் இருக்கிறபடியால் உங்களுக்குப் போக வேறு வீடும் இல்லை. எனக்கு மறுமொழி தெரிந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். நீ கலியாணம் முடித்த நாளிலிருந்து நாலு வருஷமாக அப்பா உன்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை, அப்ஹாமின் பெயரை வாயில் எடுத்ததும் இல்லை. நேரே கேட்க எனக்குப் பயம். வேண்டாம் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் மாற்றமாட்டார், துறைமுகத்தில் முப்பத்திநாலு வருஷம் கிளார்க்காக இருந்த மனிதன், எழுதியதை வெட்டி எழுதுவது அவருக்குப் பெரிய மானக்கேடு. அதனால் கேட்காமல் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பார்த்ததை எழுதுகிறேன், நீயும் யோசித்துப் பார்.

பென்ஷன் எடுத்ததிலிருந்து அப்பா எதையும் கடையில் வாங்க விடுவதில்லை, எல்லாம் வீட்டிலேயே செய்யலாமாம். தேசிக்காய்த் தோலை அவித்துப் பாத்திரம் கழுவும் தண்ணீர் செய்தார், அதில் கழுவிய கோப்பையைச் சவர்க்காரம் போட்டு மறுபடி கழுவவேண்டியிருக்கிறது. குசினிச் சுவரில் சாமான் வைக்கத் தட்டு ஒன்று அடித்தார், காலையில் இடப்பக்கம் வைத்த உப்புப் போத்தல் மத்தியானத்துக்குள் வலப்பக்கம் வந்து சேருகிறது. எனக்கு அதுவும் வசதிதான், அடுப்பு வலப்பக்கம். தென்னங்கள்ளில் வினாகிரி போட்டார், அது மட்டும் திறமாக வந்தது, ஏனென்றால் வைத்த இடத்தை மறந்துவிட்டார், அதனால் நான் கண்டெடுக்கும்வரை ஒருநாளும் திறந்து பார்க்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒக்டோபர் முதல் கிழமை வழக்கம்போல நத்தார் கேக்குக்குப் பழம் வெட்டினோம். உனக்குத் தெரியும்தானே, பிளம்ஸ், செரி, பேரீச்சம்பழம், இஞ்சிப் பாகு எல்லாம் பொடியாக வெட்டி ஒரு பெரிய கண்ணாடிப் போத்தலில் போட்டுப் பிராந்தி ஊற்றி பிறிட்ஜுக்கு மேலே வைப்போம், டிசம்பர் வரைக்கும் யாரும் தொடக்கூடாது. இந்த வருஷம் அப்பா இரண்டு போத்தல் கழுவிக் காயவைத்தார். ஏன் இரண்டு என்றேன். ஒன்று உடைந்தால் மற்றது இருக்குமாம். முதலாவதில் பிராந்தி ஊற்றினார். மற்றதில் தோடம்பழம் பன்னிரண்டு பிழிந்து ஒரு கோப்பை சீனி போட்டு மூடியை இறுக்கினார். இதற்குப் பிராந்தி இல்லையா என்றேன். பிரஷருக்கு டொக்டர் குறைக்கச் சொன்னாராம். டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனது நான், அவர் குறைக்கச் சொன்னது உப்பை. பிராந்தி போட்ட கேக்கை அப்ஹாம் தொடமாட்டார் என்று இந்த வீட்டில் யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைப் பூட்டிவிட்டு அழுதேன், உள்ளதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்.

பத்தாம் நாள் நான் பயிற்றங்காய் முறித்துக்கொண்டிருக்க டமார் என்று ஒரு சத்தம். மூடி பறந்து சீலிங்கில் அடித்துக் கீழே விழுந்தது, பிளம்ஸ் மூன்று இன்னும் சீலிங்கில்தான் இருக்கின்றன. அப்பா வந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு மூடி தரமில்லை என்றார். வேறு மூடி போட்டுக் கம்பியால் கட்டி, ஒருநாள் விட்டு ஒருநாள் காற்றைத் திறந்துவிட்டார். திறக்கும்போதெல்லாம் சோடாப் போத்தல் மாதிரி இரைந்தது. பழச்சாறும் சீனியும் இந்த வெக்கையில் கிடந்தால் என்னவாகும் என்று எனக்குத் தெரியும் மகள், ஆனால் சொல்லவில்லை. சொன்னால் வீசிவிடுவார், வீசினால் மறுபடி ஒரு போத்தல் வைக்க அவருக்கு மனம் வருமோ வராதோ என்று பயந்தேன்.

போன கிழமை பஸீர் நானா வந்தார். அப்பாவோடு துறைமுகத்தில் வேலை செய்தவர், இப்போது சந்தைக்குப் பக்கத்தில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறார். அப்பா அவரைக் கதிரையில் இருத்தி, இதில் ஒரு துளி பிராந்தி இல்லை, உங்கட ஆக்கள் சாப்பிடலாம்தானே, மணந்து பாத்துச் சொல்லுங்கோ என்று போத்தலை நீட்டினார். பஸீர் நானா மூக்கைக் கொண்டுபோன வேகத்தில் எடுத்தார். என்ன சூசை, அந்தப் பிராந்திப் போத்தல் பாவம், இதுதான் சரியான ஹராம், நீங்க வீட்டுலயே கசிப்புச் சாராயம் காச்சி வச்சிருக்கீங்க என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. ஆறு கிழமையாகக் காத்த போத்தலைக் குசினி பேசினில் ஊற்றினார், போத்தலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார், அன்று இரவு சாப்பிடவில்லை. எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அடுத்த நாள் காலையில் சேர்ட் போட்டுக்கொண்டு பஸீர் நானா வீட்டுக்குப் போய் அவருடைய மனைவி ஷஹீமாவிடம் கேட்டிருக்கிறார். அதற்கு அவர், இதுக்கு எதுக்கு ஆறு கிழமை, கேக் அடிக்கிறதுக்கு மொத நாள் கடும் பிளேன் டீயில ஊறப்போட்டாப் போதுமே என்றாராம். அதை எழுதி எடுத்து வந்து ஒரு பிரதி பிறிட்ஜில் ஒட்டியிருக்கிறார், ஒரு பிரதி சட்டைப் பைக்குள். அதோடு புதுச் சட்டி, புது அகப்பை, புதுத் தட்டு. பழையதில் நாற்பது வருஷப் பிராந்தி ஊறியிருக்கிறதாம். புதியதைத் தொட எனக்கு அனுமதி இல்லை.

ஆனால் மகள், இவ்வளவும் செய்தவர் உங்களைப் பற்றி இன்னும் ஒரு சொல் சொல்லவில்லை. கேக் கொடுப்பது வேறு, வீட்டில் இருத்துவது வேறு, ஒவ்வொரு நத்தாருக்கும் தெருவில் உள்ள எல்லோருக்கும்தான் கேக் கொடுக்கிறோம். வாசல் வரை வந்து அவர் முகத்தைத் திருப்பினால் அந்தத் தம்பிக்கு எப்படி இருக்கும்? ஆகவே லொட்ஜையே எடு. இரண்டு நாள் கழித்து ஒரு பின்னேரம் மூன்று பேரும் வாருங்கள். அப்பா கதிரையில் இருக்கும்போது குழந்தையை இறக்கிவிடு, மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்வாள். பெற்ற பிள்ளையை லொட்ஜில் இரு என்று எழுத எனக்குக் கை வரவில்லை, எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள்.

பிளைட்டில் குளிரும், காதை மூடிக்கொள். தூளை வெயில் படாமல் வை, ஈரக் கரண்டி போடாதே. உனக்கும் குழந்தைக்கும் நெற்றியில் சிலுவை போட்டு முத்தம், அப்ஹாமுக்குச் சிலுவை இல்லாத ஆசீர்வாதம். வருகிற பிளைட் நம்பரை மறக்காமல் அனுப்பு.

என்றும் உன்னை நினைத்திருக்கும் அம்மா,
மரியகொறற்றி

பின்குறிப்பு: இது அப்பா எழுதுவது. அம்மா கடைக்குப் போயிருக்கிறார். கடிதம் மேசையில் திறந்தபடி கிடந்ததால் வாசிக்க நேர்ந்தது. லொட்ஜ் தேவையில்லை. வீட்டில் போடுவதற்கு, பஸீரின் கடைப் பின்பக்கத்தில் கட்டில் ஒன்று அடித்துக்கொண்டிருக்கிறேன். அகலம் ஆறு அடி, குழந்தை நடுவில் படுத்தால் விழாது. அம்மாவுக்கு இன்னும் தெரியாது, ஆகவே கடிதத்தை நானே ஒட்டித் தாரிகாவிடம் கொடுக்கிறேன். மருமகன் எத்தனை அடி உயரம் என்பதை எனக்கு உடன் அறியத்தரவும். கால்மாட்டுப் பலகையை அதற்குப் பிறகுதான் அடிக்கலாம்.

அப்பா