நாலாவதும் ஐந்தாவதும் ஒட்டவில்லை

மார்ச் 3, ஞாயிறு

காலையில் கல்குவாரி மேட்டுக்குப் போய் ஒரு ஃபிலிம் ரோல் முடித்தேன். பத்துப் படம். கேமராவுக்கு முக்காலி கிடையாது, என் இடுப்புதான் முக்காலி. கண்ணாடிக்குள் வலது ஓரத்தில் என்ன தெரிகிறதோ அதை அடையாளம் வைத்துக்கொண்டு, அது இடது ஓரத்துக்கு வரும்வரை உடம்பைத் திருப்ப வேண்டும். மூச்சை அடக்கி அடுத்ததை எடுக்க வேண்டும். ஒன்றின் வால் அடுத்ததின் தலைமேல் ஏறினால்தான் எல்லாம் ஒட்டி ஒரே நீளப் படமாகும். வாரம் ஆறு நாள் ஆலைப் பேருந்தை ஓட்டி, முன்கண்ணாடியையே பார்த்துக் கிடப்பவனுக்கு இது ஒன்றுதான் ஆறுதல்.

"அந்த அம்மிக்கல்லத் தூக்கிட்டு எங்கயாவது விழுந்து வைக்காதீங்க" என்றாள் இவள், என் வீட்டுக்காரி. பதினாறு வருடமாக இதே வழியனுப்பல்தான்.

மார்ச் 9, சனி

படம் கழுவுகிறவர் நெகட்டிவை விளக்குப் பலகையில் விரித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "அண்ணே, நாலாவதுக்கும் அஞ்சாவதுக்கும் சம்பந்தமே இல்லையே. நடுவுல ஒரு தண்ணித் தொட்டி இருக்குமே, எங்க?"

எங்கே? யானை மாதிரி நிற்கிற தொட்டி, ஒரு படத்திலும் இல்லை. அதை ஓரத்தில் பார்த்துக்கொண்டேதான் திரும்பினேன். சத்தியமாகப் பார்த்தேன். கேமரா போய்விட்டது, வேறென்ன.

இவளிடம் சொன்னேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சொல்லிவிட்டுத் துணி உலர்த்தப் போய்விட்டாள். கொழுப்பு.

மார்ச் 10, ஞாயிறு

மறுபடி அதே மேடு. இவளையும் இழுத்துப் போனேன். நான் ஒரு ரோல். பிறகு அதே இடத்தில் அவளை நிறுத்தி, எப்படித் திரும்புவது என்று சொல்லிக் கொடுத்து, அவள் கையால் ஒரு ரோல். கேமராவின் குட்டு வெளிப்பட்டுவிடும்.

மார்ச் 16, சனி

அவள் எடுத்தது பசை போட்ட மாதிரி ஒட்டுகிறது. என்னுடையதில் இரண்டு இடத்தில் ஓட்டை.

"பாத்தீங்களா, முதல் தடவையே!" என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். நானும் சிரித்து வைத்தேன். கேமராமேல் இனிப் பழி போட முடியாது. அப்படியென்றால்?

மார்ச் 19, செவ்வாய்

முன்சீட்டில் உட்காரும் கேன்டீன் அம்மா, "தம்பி, வண்டி!" என்று அலறினாள். பிரேக்கை மிதித்தேன். வலது பக்கத்திலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள். ஒரு முழம்தான் இடைவெளி. வருவதையே நான் பார்க்கவில்லை. திடீரென்று அங்கே *இருந்தது*.

"பாத்துட்டுதாம்மா இருக்கேன்" என்றேன்.

பொய். பச்சைப் பொய்.

மார்ச் 22, வெள்ளி

யாருக்கும் சொல்லாமல் கண் மருத்துவரிடம் போனேன். ஒரு பெரிய கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். ஓரத்தில் எங்காவது பொட்டு வெளிச்சம் மின்னினால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். கொஞ்ச நேரம் ஒன்றுமே வரவில்லை. "மெஷின் நின்னுடுச்சாம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல சார், ஓடிட்டுதான் இருக்கு" என்றது மெஷினை ஓட்டிய பெண்.



கண்ணுக்குள் அழுத்தமாம். வருடக்கணக்காக வலது ஓரத்தைத் தின்றிருக்கிறது. தின்ற இடத்தை மூளையே இட்டுக்கட்டி நிரப்பிவிடுமாம், அதனால் நமக்குத் தெரியாதாம். "போனது திரும்பாது. மிச்சத்தக் காப்பாத்தலாம், சொட்டு மருந்த ஒருநாள்கூட விடாதீங்க. என்ன வேலை பாக்கறீங்க?"

"போட்டோ எடுக்கறேன் டாக்டர்."

"வண்டி ஓட்டுவீங்களா?"

"எப்பவாவது."

"எப்பவாவதும் வேண்டாம்."

நாற்பத்திரண்டு பேரை ஏற்றி இறக்குகிறவன் நான். எப்பவாவதாம். சீ.

மார்ச் 25, திங்கள்

ஓட்டினேன்.

மார்ச் 26, செவ்வாய்

ஓட்டினேன். கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பி வலிக்கிறது. ஸ்டியரிங்கை விட்டால் நான் யார்? இருபத்தோரு வருடம் ஒரு கீறல் கிடையாது. டாக்டருக்கென்ன, சொல்லிவிட்டுப் போவார்.

மார்ச் 28, வியாழன்

எங்களையும் நீளமாக எடுங்கள் என்று என் பேருந்தில் வருகிறவர்கள் ரொம்ப நாளாக நச்சரிக்கிறார்கள். இன்று சாப்பாட்டு இடைவேளையில் நாற்பத்திரண்டு பேரையும் அரைவட்டமாக நிறுத்தி, நடுவில் நான் நின்றேன். ஃபிட்டருக்கு எப்போதும் குசும்பு. "நீங்க திரும்பறதுக்குள்ள ஓடிப்போய் அந்தக் கோடியிலயும் நிக்கட்டுமாண்ணே? ரெண்டாளு வேலைதான வாங்கறாங்க!" ஒரே சிரிப்பு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனதுக்குள் பந்தயம். இது ஒட்டிவிட்டால் நான் ஓட்டலாம். ஒவ்வொரு முகமாக எண்ணி, அங்குலம் அங்குலமாகத் திரும்பினேன். ஒருத்தரையும் விடவில்லை.

மார்ச் 30, சனி

முப்பத்தேழு பேர்.

மூன்று தடவை எண்ணினேன். கழுவுகிறவரும் எண்ணினார். ஐந்து பேர் இல்லை. கேன்டீன் அம்மா இல்லை. என்னைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே நின்றாளே! நான்கூட, "ஆடாதம்மா" என்று அதட்டினேனே!

வீட்டுக்கு வந்து இவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவாள் என்று நினைத்தேன். சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, "இந்த ஒரு வாரமா ஓட்டினீங்களா?" என்று மட்டும் கேட்டாள். நான் அழுதேன்.

ஏப்ரல் 1, திங்கள்

ஆலையின் போக்குவரத்து அதிகாரி மேசையில் சாவியையும் அந்த நீளப் படத்தையும் வைத்தேன். "என்ன, ஒண்ணாந்தேதின்னு விளையாடறீங்களா?" என்றார். படத்தில் இல்லாத ஐந்து பேரையும் பெயர் பெயராகச் சொன்னேன். அவர் சாவியை எடுத்து இழுப்பறைக்குள் போட்டார்.

ஏப்ரல் 18, வியாழன்

ஸ்டோர் ரூமில் வேலை பழகிவிட்டது. அதே பேருந்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து போகிறேன். புது டிரைவர் நல்ல பையன். நான் ஏன் இறங்கினேன் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

இன்று ஆலை வாசலில் லாரி குறுக்கே நின்றதால் பேருந்தைப் பின்னால் எடுக்க வேண்டியிருந்தது. "அண்ணே, நீங்க அனுபவஸ்தர். கொஞ்சம் எறங்கி வலது பக்கம் பாத்துச் சொல்லுங்களேன்" என்றான்.

 நான் பாதி எழுந்துவிட்டேன். கேன்டீன் அம்மா என் தோளை அழுத்தி, "நீ உக்காரு தம்பி, நான் பாக்கறேன்" என்று இறங்கிப் போனாள். பின்னாலிருந்து, "வா... வா... இன்னும் வா" என்று அவள் குரல் கேட்டது.

உட்கார்ந்தேன். வலப்பக்க இருக்கைக்காரர்கள் என்னைப் பார்த்தார்களா என்று தெரியவில்லை.