வித்தியாசம் இல்லை என்ற பதில்

அக்கா,

நேற்று உங்கள் மகள் ஒரு தாளைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள். கழுத்தை இடமும் வலமும் திருப்பும் ஒரு பெண்ணின் படம். பாயான் லெப்பாஸில் அவள் வேலை செய்யும் தொழிற்சாலையில் கழுத்து வலிக்கு ஆராய்ச்சியாம். தேநீர் இடைவேளையில் தினமும் பத்து நிமிடப் பயிற்சி, மூன்று மாதம். "இதுக்கு முன்னால இங்க யாருமே செஞ்சு பார்த்ததில்லையாம் ஆண்ட்டி," என்றாள். எனக்கு முகம் சுட்டது.

பல வருடம் முன்பு உங்கள் தொழிற்சாலையில் இதையே செய்து பார்த்தவர்கள் நாம்தானே. கல்லூரியில் பிசியோதெரபி சொல்லிக்கொடுக்கும் நான் தாள்களைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வேலை வரிசையை மேற்பார்க்கும் லைன் லீடரான நீங்கள் ஆள் சேர்த்தீர்கள். சின்னச் சின்னப் பாகங்களைச் சோதிக்க மைக்ராஸ்கோப்பில் நாளெல்லாம் குனிந்திருப்பவர்களுக்கு மூச்சுவிடக் கிடைப்பதே அந்த இடைவேளைதான். அதில் பாதியை எனக்கு வாங்கிக் கொடுத்தீர்கள். முணுமுணுத்தவர்களை உங்கள் கைக்காசில் நாசி லெமாக் சோறு வாங்கிக் கொடுத்துச் சரிக்கட்டினீர்கள்.

பாதிப் பேர் பயிற்சி செய்தார்கள், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மீதிப் பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி என்மேல் பரிதாபப்பட்டு, வலி போய்விட்டதாகக் குறித்தாள். நீங்கள் விடவில்லை. "தங்கச்சி மூஞ்சிக்காக டிக் போடாத லா. வலி இருந்தா இருக்குன்னு போடு."

மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் வலி ஒரே மாதிரிதான். உங்களிடம் சொன்னேன். "வித்தியாசம் இல்லன்னா அதையே எழுதும்மா. இனிமே எவனும் இந்தப் பத்து நிமிஷத்த எங்ககிட்ட கேட்க மாட்டான்ல?" என்றீர்கள்.

எழுதினேன் அக்கா. ஓர் ஆய்விதழ், புதிதாக ஒன்றும் இல்லை என்று திருப்பி அனுப்பியது. இன்னொன்றும் அப்படியே. மூன்றாவதற்கு நான் அனுப்பவே இல்லை. பலன் தெரிந்த வேறொரு ஆய்வை எழுதிப் பதவி உயர்வு வாங்கிக்கொண்டேன். நீங்கள் கேட்டபோதெல்லாம் "வரும்க்கா" என்று வாய் கூசாமல் சொன்னேன். கண்மூடுவதற்கு முன், படுக்கையில் கிடந்தபோதும் ஒருமுறை கேட்டீர்கள். அப்போதும் அதையேதான் சொன்னேன். இப்போது வந்திருக்கும் ஆராய்ச்சியாளர்கள் பாவம், தேடித்தான் பார்த்திருப்பார்கள். என் அலமாரிக்குள் கிடப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

உங்கள் மகளுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. அப்போது அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். தாளை மடித்துக்கொண்டே கேட்டாள். "நீங்க சொல்லுங்க ஆண்ட்டி, இது வலிக்குக் கேக்குமா?"

"செஞ்சு பாரும்மா," என்றேன்.

உங்கள் பெண்கள் ஒளிக்காமல் குறித்துக் கொடுத்த பதிலை இத்தனை வருடமாக நான் ஒருத்தியே வைத்துக்கொண்டிருக்கிறேன். நேற்று கேட்டவள் நீங்கள் பெற்ற பெண். அவளிடம்கூடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.