ஒரு துண்டு ஆப்பிள்

மாமா,

இன்று காலை ஓவன் கதவைத் திறந்ததும் பட்டையும் ஆப்பிளும் கலந்த சூடு முகத்தில் அடித்தது. சின்னச் சின்ன டோனட் உருண்டைகள். எண்ணெயில் பொரிக்காமல் குழித்தட்டில் ஊற்றி வேகவைப்பேனே, அவைதான். அக்டோபர் வந்தால் செய்யாமல் இருக்க முடிவதில்லை. உங்கள் மகன் வாசத்துக்கே எழுந்து வந்து சமையலறை வாசலில் நின்றார். அவருக்கும் உங்கள் நினைவுதான்.

இரண்டாயிரமாவது ஆண்டுகளின் நடுவில், அத்தை தவறிப்போன மறு வருட இலையுதிர் காலத்தில், நீங்கள் ஊரிலிருந்து கடல் கடந்து இந்த வின்டர்தூர் நகருக்கு வந்து எங்களோடு தங்கினீர்கள். உண்மையைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: எனக்கு உள்ளூர உதறல். கல்யாணமாகி வந்த நாளாக நீங்களாக ஒரு டம்ளர் தண்ணீரைக் கூட எடுத்துக் குடித்து நான் பார்த்ததில்லை. எல்லாவற்றுக்கும் அத்தைதான். இங்கே நான் வேலை முடிந்து ரயிலில் நின்றுகொண்டே வந்து சேர்ந்தால், நீங்கள் சாப்பாட்டு மேசையில் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். நான் வாயைத் திறக்க மாட்டேன். பாத்திரங்கள்தான் சத்தம் போடும்.

ஒரு மாலை உங்களை நடக்கக் கூட்டிப்போனேன். ஊர் எல்லையில் மரத்தடிப் புல்லெல்லாம் ஆப்பிள் கொட்டிக்கிடந்தது, சீந்துவாரில்லாமல். நீங்கள் அப்படியே நின்றுவிட்டீர்கள். "நம்ம ஊர்ல இத ஆஸ்பத்திரிக்குத்தாம்மா வாங்கிட்டுப் போவோம்" என்றீர்கள்.

மறுநாள் சனிக்கிழமை. நான் மாவு கலக்கும்போது வந்து, இதில் முட்டை உண்டா என்று கேட்டீர்கள். வேண்டாமென்றால் ஆப்பிளை வேகவைத்து மசித்துச் சேர்த்தாலும் பதம் வரும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை அத்தையின் முதல் திதி. படைக்க என்னைச் செய்யச் சொல்லப்போகிறீர்கள் என்று நினைத்தேன். நீங்களோ சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, எப்படி என்று சொன்னால் போதும், நானே செய்கிறேன் என்றீர்கள்.

தோல் சீவத் தெரியவில்லை உங்களுக்கு. தோலோடு பாதிச் சதையும் போனது. விரலையும் வெட்டிக்கொண்டீர்கள். கத்தியை வாங்கப் பார்த்தேன், தரவில்லை. தலை நிமிராமலே சொன்னீர்கள்:

"ஆஸ்பத்திரியில அவ கட்டிலுக்குப் பக்கத்துல பை பையா ஆப்பிள் இருந்துச்சு. ஒரு துண்டு நறுக்கித் தாங்கன்னு கேட்டா. எனக்கு நறுக்கத் தெரியலம்மா. நர்ஸ் வரட்டும்னு சொல்லிட்டேன். நர்ஸ் வர்றதுக்குள்ள தூங்கிட்டா. அப்புறம் அவ எதுவும் கேக்கல."

உங்கள்மேல் வைத்திருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

அத்தனை ஆப்பிளையும் நீங்களே நறுக்கி, வேகவைத்து, மசித்தீர்கள். குழிகளில் மாவை ஊற்றி உள்ளே வைத்ததும், ஓவனுக்கு முன்னால் தரையிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டீர்கள். கண்ணாடிக்குள் ஒவ்வொன்றாக உப்பி வருவதை, பிரசவ அறை வாசலில் இருப்பவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சர்க்கரையிலும் பட்டைப்பொடியிலும் புரட்டியதும் நீங்கள்தான்.

மறுநாள் அத்தையின் படத்துக்கு முன்னால் தட்டை வைத்து வெகுநேரம் கும்பிட்டீர்கள். எப்போதும் போல அடுத்து நீங்கள் சாப்பிட உட்காருவீர்கள் என்று தண்ணீர் எடுக்கப் போனேன். என்னைக் கூப்பிட்டீர்கள்.

"நீ உக்காரும்மா. இன்னிக்கு நான் வைக்கிறேன்."

நான் நெளிந்தேன். கடைசியில் உட்கார்ந்தேன்; என் தட்டில் நீங்களே எடுத்து வைத்தீர்கள். இந்த நாட்டின் பனிமலைகளைப் பார்த்து வாய் பிளந்து நின்றிருக்கிறேன் மாமா; உடம்பு சிலிர்த்தது அன்றுதான். எப்படியிருக்கிறது என்று கேட்டீர்கள். அடி கொஞ்சம் தீய்ந்திருக்கிறது என்று உள்ளதைச் சொன்னேன். அடுத்த தடவை பார்த்துக்கொள்கிறேன் என்றீர்கள்.

வயதான பிறகு இனிமேலா மாறப்போகிறார்கள் என்று யாராவது அலுத்துக்கொண்டால் நான் இப்போது தலையாட்டுவதில்லை. உப்புக் குறைந்தால் தட்டைத் தள்ளிவிடும் மனிதர் என் எதிரில் நின்றுகொண்டு, நான் மென்று விழுங்கும்வரை காத்திருந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான்.