உன் பக்கத்து ஒயர்

உன் ஹெட்செட் என் மேஜைமேல் கிடக்கிறது. ஒயரெல்லாம் ஒரே சிக்கல். ஒரு முனையில் நீலப் பெயின்ட் ஒட்டியிருக்கிறது, இன்னொரு முனையில் காவி. நீலம் உன்னுடையது, காவி என்னுடையது. உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் கிளம்பும்போது உன் மனைவி இதையும் உன் போனிலிருந்த மெமரி கார்டையும் ஒரு கவரில் போட்டு என் கையில் கொடுத்தாள். "ஒங்க ரெண்டு பேருதும்தானேண்ணே இது. வூட்ல இருந்தா எடுத்து எடுத்துப் பாத்துக்கிட்டே இருக்கேன்" என்றாள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கவரைப் பிரிக்க வெகுநாள் மனம் வரவில்லை.

பெரம்பலூர் பக்கம் பள்ளிக்கூடமோ கல்யாண மண்டபமோ, சுவரில் படம் வேண்டுமென்றால் நம் இருவரையும் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். ஒரே சாரத்தில் நீ இடப்பக்கம், நான் வலப்பக்கம். ஸ்பீக்கரில் பாட்டு வைத்தால் சிமென்ட் லாரி போகிற சத்தத்தில் ஒன்றும் கேட்காது. அதனால் ஒரு ஹெட்செட்டை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொண்டோம். போன் உன் சட்டைப் பையில். ஒரு முனை உன் வலது காதில், இன்னொன்று என் இடது காதில். ஒயர் எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் நமக்கு நடமாட்டம். நீ சொல்லாமல் டீ குடிக்க இறங்கினால் என் காதோடு பிடுங்கிக்கொண்டு போகும்.

"மாட்டக் கட்டி இழுக்குற மாதிரி இழுக்குறியேடா" என்பேன்.

"இதுல யாரு மாடுன்னு நீயே சொல்லிட்ட மாப்ள" என்பாய்.

பாட்டு இல்லாவிட்டால் உனக்குக் கை ஓடாது. ஜெயங்கொண்டத்தில் ஒரு மண்டபத்தின் மேல்சுவரில் மேகம் வரைந்துகொண்டிருந்தோம். போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது, கரண்டும் இல்லை. நீ பிரஷ்ஷைத் தண்ணீரில் போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டாய். மண்டபக்காரர் கீழே நின்று, "படம் வரையறதுக்கு எதுக்குப்பா கரண்டு?" என்று கேட்டார். அவருக்கு எதைச் சொல்லிப் புரியவைப்பது. அவர் நச்சரிப்புத் தாங்காமல் பாட்டே இல்லாமல் ஒரு மேகம் வரைந்தாய். இன்றும் அந்தப் பக்கம் போனால் எட்டிப் பார்ப்பேன். மற்ற மேகமெல்லாம் நகர்ந்து போகிறது, அது மட்டும் அங்கேயே நிற்கிறது.

நானும் முதலில் இதை உன் கிறுக்கு என்றுதான் நினைத்தேன். பிறகு என் கையையே கவனிக்க ஆரம்பித்தேன். வேகமான பாட்டு வந்தால் என் கோடுகள் குட்டை குட்டையாக விழுந்தன. மெதுவான பாட்டில் பிரஷ்ஷைச் சுவரிலிருந்து எடுக்கவே தோன்றாது. எந்தப் பாட்டை எப்போது வைப்பது என்று நீதான் முடிவு செய்வாய். நான் ஒருநாளும் கேட்டதில்லை.

மொபைல் கடையில் ஏற்றிக் கொடுத்த பாட்டுகளுக்கு நடுவில் பேர் தெரியாத ஒன்று இருந்தது. பாடுகிறவர் யாரும் இல்லை, வெறும் வாத்தியம். தண்ணீர் வரைகிறபோதெல்லாம் அதைத்தான் வைப்பாய். ஒருநாள் பாடாலூரில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, "அந்த வயலின் வருது பாரு, அதக் கேட்டாதான்டா எனக்குத் தண்ணி வரையத் தோணுது" என்றாய்.

"வயலினா? அதுல ஏதுடா வயலின்? புல்லாங்குழலும் தபலாவும்தான இருக்கு."

"தபலாவா? ஒனக்குக் காது மந்தம்டா. ஆசுபத்திரில போய்க் காட்டு."

சிரித்துக்கொண்டே ஆரம்பித்தது முறைப்பில் போய் முடிந்தது. அன்று மிச்ச நேரமெல்லாம் ஒயர் நடுவில் தொங்க, அவரவர் சுவரைப் பார்த்தபடி வேலை செய்தோம். அதற்குப் பிறகும் அந்த இசை வரும்போதெல்லாம் ஓர் இடத்தில் நீ என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்குவாய். நான் பதிலுக்குப் பெயின்ட் டப்பாவில் தபலா தட்டுவேன். கடைசிவரை இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.

நம் கடைசிச் சுவர் அரியலூர் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில். "புள்ளைங்க ஓடையில கல்லாப் போன சங்கு பொறுக்கிட்டு வருதுங்க சார். ஒருகாலத்துல இங்க கடல் இருந்துச்சுன்னு சுவத்தப் பாத்தா தெரியணும்" என்றார் தலைமையாசிரியை. கடல் உனக்கு, சங்கும் நத்தையும் எனக்கு. நீ இடது ஓரத்திலிருந்து அலையை இழுத்துக்கொண்டு வந்தாய். "ஒன் நத்தை நடந்து வர்றதுக்குள்ள என் கடல் வந்து தூக்கிட்டுப் போயிரும் பாரு" என்று சொல்லிவிட்டு அன்று சாயங்காலம் பஸ் ஏறினாய். விடிந்ததும் நெஞ்சு வலி என்றார்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சுவரில் உன் அலைக்கும் என் நத்தைக்கும் நடுவே கொஞ்சம் வெள்ளை மிச்சமிருந்தது.

தலைமையாசிரியை ரொம்ப நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் போன் செய்தார். "ஆண்டு விழா வருதுங்க சார். ஒங்களால முடியலன்னா சொல்லுங்க, வேற ஆள வச்சு முடிச்சுக்கிறேன். தப்பா எடுத்துக்காதீங்க." வேறு ஆள் வந்தால் நிறம் சேரவில்லை என்று உன் அலைமேலும் சேர்த்து அடித்துவிடுவான். நீ வரைந்த கடைசித் தண்ணீர் அது. நானே வருகிறேன் என்று சொன்னேன்.

போய்ச் சாரத்தில் ஏறி, நீலத்தைக் குழைத்து, சுவரில் பிரஷ்ஷை வைத்தேன். கை வரவில்லை. அலை போட்டால் படிக்கட்டு மாதிரி வந்தது. ஈரத் துணியால் துடைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்துதான் கவரைப் பிரித்தேன். மறுநாள் கார்டை என் போனில் போட்டுக்கொண்டு திரும்ப ஏறினேன். பக்கத்தில் யாரும் இல்லாததால் இரண்டு முனையையும் நானே வைத்துக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் அப்படி வைத்தது அதுதான் முதல் தடவை.

புல்லாங்குழல் இரண்டு காதிலும் வந்தது. இடது காதில் என் தபலா. கொஞ்ச நேரத்தில் வலது காதில், நான் ஒருபோதும் கேட்டிராத ஒரு வயலின் மெல்ல ஏறி வந்தது. முதலில் வேறு எதையோ வைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். இடது முனையைக் கழற்றினேன், தபலா காணாமல் போயிற்று. வலதைக் கழற்றினேன், வயலின் காணாமல் போயிற்று. ஒரே பாட்டில் நீ ஒரு பாதியைக் கேட்டிருக்கிறாய், நான் ஒரு பாதியைக் கேட்டிருக்கிறேன். ஒரு தடவை முனையை மாற்றி வைத்துக் கேட்கலாம் என்று இரண்டு மடையன்களுக்கும் தோன்றவே இல்லை.

"இருக்குடா! வயலின் இருக்குடா!" என்று சத்தமாகவே கத்திவிட்டேன்.

கீழே பெருக்கிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து, "யாருகிட்ட சார் பேசுறீங்க?" என்றார்.

"யாருகிட்டயும் இல்லக்கா."

அதைச் சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. நீ செத்துப்போன அன்றுகூட எனக்கு அப்படி வரவில்லை. சாகும்வரை நம் இருவரையும் சிரிக்க வைத்திருக்க வேண்டிய சங்கதி இது. சொல்வதற்கு ஆள் இல்லை.

இரண்டு காதிலும் வைத்துக்கொண்டு வரைய முடியவில்லை. தபலா கேட்டதும் கை என் பழைய வழிக்கே போனது. என் முனையைக் கழற்றிவிட்டு உன் முனையை மட்டும் வைத்துக்கொண்டேன். அந்த வயலின் போகிற போக்கில் கையை விட்டேன். உன் அலை ஏன் அங்கே தயங்குகிறது, ஏன் இங்கே திடீரென்று வளைகிறது என்பதெல்லாம் அன்றுதான் எனக்கு விளங்கியது. சாயங்காலத்துக்குள் தண்ணீர் நத்தையைத் தொட்டுவிட்டது. உன் அளவுக்கு ஓடவில்லைதான். ஆனால் நிற்கவில்லை.

இப்போது எந்தச் சுவரில் ஏறினாலும் வலப்பக்கம்தான் நிற்கிறேன். காதில் மட்டும் உன் பக்கத்து ஒயர். என் தபலா எனக்கு மனப்பாடம், அதைக் கேட்க ஒயர் வேண்டாம். காவி ஒட்டிய முனை நெஞ்சுமேல் தொங்கியபடி தனக்குத்தானே வாசித்துக்கொண்டிருக்கிறது. பாட்டில் அந்த இடம் வரும்போது நான் இடதுபக்கம் திரும்பிப் புருவத்தைத் தூக்குகிறேன்.